உட்ரோ வில்ஸன்

புதுவை நகரிலே, 1944-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12-ஆம் நாள், அமெரிக்க அம்மையார் ஒருவர் உயிர் நீத்தார். அரவிந்தர் ஆசிரமத்திலே ஆறாண்டுகள் வாழ்ந்து, நிஷ்டா என்னும் பெயர் பூண்டிருந்த அவ்வம்மையாரின் இயற்பெயர் மார்கரெட் உட்ரோ வில்ஸன் என்பது. இனிய குரலும் இசைப்பயிற்சியும் உடையவர். முதல் உலகப் போரின்போது படைவீரர் தங்கிய பாசறைகளுக்குச் சென்று பாடியவர். அவர் உடல் புதுவை மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய தந்தையாரே அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இருபத்தெட்டாம் குடியரசுத் தலைவராய் விளங்கிய உட்ரோ வில்ஸன்.

புதுவைக்குத் தெற்கே கடலோரச் சிற்றூராகிய நல்லவாட்டிற் பிறந்த எமக்கு, அப்பெரியாரின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்னும் அவா அம்மகளாரின் வாயிலாகவே எழுந்தது. படிக்கப் படிக்க, அஃது ஓர் அரசியலாளரின் வரலாறாக மட்டுமன்றி, ஓர் உடலின் வரலாறாகவும் எமக்குத் தோன்றலாயிற்று. மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் குழாய்கள் இறுகிச் சுருங்கிய ஒருவரை அவருடல் எத்தனை முறை முன்னரே எச்சரித்தது, அவ்வெச்சரிக்கைகளை அவர் எவ்வாறு கடந்து சென்றார் என்பவற்றையே இங்கு யாம் சிறப்பாகக் கூற விழைகின்றோம்.

வில்ஸன் 1856-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் வர்ஜீனியா மாகாணத்து ஸ்டாண்டன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜோசப் ரகிள்ஸ் வில்ஸன் பிரெஸ்பிட்டீரியன் சபையின் குரு. தாயார் ஜெசி உட்ரோ இங்கிலாந்தின் வடபுலத்துக் கார்லைல் நகரிற் பிறந்தவர். குழந்தைப் பருவம் ஜார்ஜியா மாகாணத்து அகஸ்டா நகரில் உள்நாட்டுப் போரின் நடுவே கழிந்தது. தந்தையார் போதித்த ஆலயமே புண்பட்ட வீரர்க்கு மருத்துவமனையாக மாறியதை அச்சிறுவர் தம் கண்ணாற் கண்டார். போரை வெறுக்கும் உள்ளம் அவர்க்கு அங்கேதான் அரும்பியது போலும்.

பிற்காலத்தே பெரும் புலவராய்த் திகழ்ந்த இவர் பத்து வயதளவும் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாது இடர்ப்பட்டார் என்பது வியப்புக்குரியது. தேர்வில் தோற்று மனம் தளரும் மாணவ நண்பர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாக. பின்னர் டேவிட்ஸன் கல்லூரியிலும், இந்நாளிற் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என வழங்கும் நியூஜெர்ஸிக் கல்லூரியிலும் பயின்று 1879-இல் பட்டம் பெற்றார். சட்டம் படித்து அட்லாண்டா நகரிற் சிறிது காலம் வழக்கறிஞராய் இருந்தார். வழக்கும் வரவில்லை, அத்தொழிலில் மனமும் செல்லவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் புகுந்து அரசியல் நூலாராய்ந்து 1886-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இவரொருவரே. 1885-இல் எல்லன் ஆக்ஸன் என்னும் நங்கையை மணந்தார். மார்கரெட், ஜெசி, எலினார் என மூன்று புதல்வியர் பிறந்தனர். 1890-இல் பிரின்ஸ்டனிலேயே பேராசிரியராக அமர்ந்தார். அவர் வகுப்பிலே மாணவர் இடமின்றி நெருக்கியமர்ந்து கேட்பர் என்பர். இரவெல்லாம் எழுதுவார், பகலெல்லாம் பேசுவார், விடுமுறையிலும் வெளியூர்களிற் சொற்பொழிவாற்றிப் பொருளீட்டுவார். இவ்வாறு எண்ணெயை இருமடங்காய் எரித்த விளக்கொன்று முதன்முறை மங்கியது 1896-ஆம் ஆண்டில்.

அவ்வாண்டு மே மாதம், அவர்க்கு முப்பத்தொன்பது வயது நிரம்பியிருந்த காலை, வலக்கை வலுவிழந்தது. விரல்கள் மரத்தன, எழுதுகோல் பிடிக்க இயலவில்லை. மற்றொருவராயின் அஞ்சி ஓய்ந்திருப்பர். வில்ஸனோ இடக்கையால் எழுதப் பழகினார்! சின்னாளில் அழகாகவே எழுதவும் தேர்ந்தார். அக்கோடையில் தனியே கடல் கடந்து சென்று ஸ்காத்லாந்திலும் இங்கிலாந்திலும் மிதிவண்டியூர்ந்து உலவினார். ஓராண்டளவில் வலக்கை மீண்டும் வலுப்பெற்றது. அது மூளைக்குழாயின் அடைப்பால் வந்ததா, ஓயாது எழுதியதனால் நரம்பு தளர்ந்து வந்ததா என்று பிற்காலத்து ஆய்வாளர் இரு கட்சியாய் நின்று வழக்கிடுகின்றனர். அவ்வழக்கைத் தீர்க்க யாம் புகவில்லை. ஆயினும் ஒன்று மறுக்கவொண்ணாதது: கை சரியானவுடன் நோயும் தீர்ந்தது என்று அவர் கொண்டார். அந்நோய் பின்னும் சிலமுறை அதே கையில் வந்து போயிற்று.

வியப்பான ஓர் ஒற்றுமையையும் இங்குச் சுட்டுதல் தகும். அதே 1896-ஆம் ஆண்டிலேதான் இத்தாலி நாட்டிலே ரிவா ரோச்சி என்னும் மருத்துவர், கையிற் பட்டை சுற்றிக் காற்றடைத்து இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவியை வெளியிட்டார். இன்று சிற்றூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காணப்படும் அக்கருவி, வில்ஸனின் கை சோர்ந்த நாளில் உலகுக்கு அறிமுகமாகும் நிலையிலேயே இருந்தது.

1902-இல் வில்ஸன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத் தலைவரானார். மாணவர் சிறு குழுக்களாய் ஆசிரியருடன் அமர்ந்து உரையாடிக் கற்கும் முறையை 1905-இல் அங்குக் கொணர்ந்தவர் அவரே. செல்வர் மக்களின் விளையாட்டுக் கூடமாயிருந்த கல்லூரியைக் கற்றோர் அவையாக்க வேண்டும் என்பது அவர் வேட்கை. அதனாற் பகையும் வளர்ந்தது. இந்நிலையில் 1906-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாட்காலை கண்விழித்தபோது இடக்கண் பார்வை ஏறக்குறைய முற்றும் மறைந்திருந்தது.

உடனே பிலடெல்பியா நகருக்குச் சென்று, பெயர்பெற்ற கண் மருத்துவராகிய டி ஷ்வைனிட்ஸ் என்பாரிடம் காட்டினார். கண்ணினுள்ளே நுண்ணிய குழாயொன்று வெடித்துக் குருதி கசிந்தது என்றும், இரத்தக்குழாய்கள் தடித்து இறுகி வருவதே அதற்குக் காரணம் என்றும் கண்டனர். கண்ணுக்குச் செல்லும் குருதியும் மூளையின் பெரும்பகுதிக்குச் செல்லும் குருதியும் கழுத்திலே துடிக்கும் ஒரே தமனியினின்று பிரிவனவாதலால், கண்ணின் செய்தி மூளையின் செய்தியுமாகும். சுறுசுறுப்பான வாழ்வை விடுத்து ஓய்வு பெறல் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. எல்லன் அம்மையார் பெரிதும் அஞ்சினார். வில்ஸன் குடும்பத்துடன் இங்கிலாந்தின் ஏரி நாட்டிலே ரைடல் என்னும் அழகிய ஊரில் மூன்று திங்கள் தங்கினார். எடின்பரோ நகரத்து மருத்துவர், அளவோடு உழைப்பாராயின் மீண்டும் பணிக்குத் திரும்பலாம் என்றனர். அளவு என்ற சொல் மறந்தது. திரும்பலாம் என்ற சொல்லே நினைவில் நின்றது. இடக்கண் அதன்பின் ஒருபோதும் முழுப்பார்வை பெறவில்லை.

இங்கே சிறிது நின்று இந்நோயின் இயல்பைக் கூறுதல் வேண்டும். குருதிக்குழாயின் உட்சுவரிலே கொழுப்பும் சுண்ணமும் படிந்து, ஆண்டுதோறும் வழி சுருங்குகின்றது. ஆற்று வாய்க்காலில் வண்டல் படிவது போன்றதே இதுவும். ஆயினும் மூளைக்கு ஒரு தற்காப்பு உண்டு. கழுத்தின் முன்பக்கத்து இரு தமனிகளும் பின்பக்கத்து இரு தமனிகளும் மூளையின் அடியிலே கிளைகளால் இணைந்து ஒரு வளையமாய் அமைகின்றன. 1664-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து இவ்வளையத்தை விளங்க விவரித்தவர் தாமஸ் வில்லிஸ் என்னும் மருத்துவ அறிஞர். கழுத்துத் தமனியொன்று முற்றும் அடைபட்டும் பக்கவாதமின்றி வாழ்ந்திருந்த ஒருவனது உடலை அவன் இறந்தபின் அறுத்து நோக்கி, மற்றைக் குழாய் பருத்து அக்குறையை ஈடு செய்திருந்தமையை அவர் கண்டெழுதினார். ஒரு மடை அடைபட மறுமடை நீரூட்டுவது போல் இவ்வளையம் உதவுகின்றது. நோய் பல்லாண்டு வெளிப்படாதிருத்தற்கு இவ்வுதவியும் ஒரு காரணம்.

வெளிப்படும்போதும் அது முதலில் விளையாட்டுப் போலவே வெளிப்படுதல் உண்டு. ஒரு கை சில நிமிடம் சோரும், வாய் சற்றே கோணும், நாக் குழறும், ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போல் இருளும். பின்னர் எல்லாம் பழையபடி ஆகிவிடும். சுருங்கிய இடத்திலே திரண்ட சிறு குருதிக்கட்டி குழாயை அடைத்துப் பின் கரைந்தமையாலே இது நிகழும். கட்டி கரைந்தது, சுருக்கமோ அங்கேயே உள்ளது. நோயாளி மகிழ்ந்து வீட்டுக்குச் செல்கிறார். எம்மூரிலே இதனைக் காற்றுப் பட்டது என்றும், கண்ணேறு என்றும் கூறி, உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பிலிட்டு ஆறுதல் கொள்வாரும் உளர். ஆனால் முழுப் பாரிசவாயு வருமாயின், இக்குறி தோன்றிய முதற் சில நாட்களிலேயே அதற்கு வாய்ப்பு மிகுதி. ஆதலின் அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும் என்பது இந்நாளைய மருத்துவர் துணிபு.

முன்னறிவிப்பின் மதிப்பை நல்லவாட்டார்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது, எம்மூரவர் ஒருவர் சிங்கப்பூரிற் பணிபுரிந்திருந்தார். செய்தியறிந்த அவர் உடனே தொலைபேசியில் ஊருக்குச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊரில் அமைத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கி, நாள்தோறும் அலைநிலை கூறுவதற்காக வைக்கப்பட்டது, அன்று கரையை விட்டு அகலுமாறு அறிவித்தது. ஏறத்தாழ 3600 மக்கள் வாழ்ந்த ஊரில் ஓர் உயிரும் மடியவில்லை. படகுகளும் வீடுகளும் அழிந்தன. யாம் பிறக்குமுன் நிகழ்ந்த இதனை எம் பாட்டியார் பலகாலும் கூறக் கேட்டுளோம். அவர் கதையில் எம்மை ஈர்த்த பகுதி ஒன்றுண்டு: அறிவிப்பு வந்தபோது கண்ணெதிரே கடல் அமைதியாகவே இருந்ததாம். அமைதியான கடலைக் கண்டும் ஓடினார்களே, அதுதான் பெரிது. வில்ஸனின் கடலும் அமைதியாகவே தோற்றமளித்தது. அவர் கரையிலேயே வீடு கட்டினார்.

1910-இல் பிரின்ஸ்டனை விட்டு நியூஜெர்ஸி மாகாண ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1912-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று 1913 மார்ச்சு 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் பதவியேற்றார். வெள்ளை மாளிகைக்கு அவருடன் சென்ற பொருள்களில் வயிற்றைக் கழுவும் குழாயும் பலவகை மாத்திரைகளும் இருந்தன. கடற்படை மருத்துவராகிய கேரி கிரேஸன் அவற்றை விலக்கி, அளவான உணவு, திறந்த வெளியிற் கோல்ப் ஆட்டம், மோட்டார் உலா, நிறைந்த உறக்கம் என ஒழுங்கொன்று வகுத்தார். அக்காலத்து மருத்துவம் அளிக்கக்கூடியது அவ்வளவே. வில்ஸன் புகை பிடிப்பவரும் அல்லர். அவ்வொழுங்கைக் கைக்கொண்ட ஆண்டுகளில் அவர் உடல் ஒருவாறு நிமிர்ந்து நின்றது என்பதும், மத்திய வங்கி அமைப்பு முதலிய பெருஞ் சட்டங்கள் அவ்வாண்டுகளிலேயே நிறைவேறின என்பதும் கருதத்தக்கன.

அவர் ஆட்சியின் கறையையும் மறைத்தல் கூடாது. அரசு அலுவலகங்களிலே கறுப்பின மக்கள் பிரித்து வைக்கப்பட்டனர். அவர் அதற்கு இசைந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பொதுவியற் பள்ளிக்குச் சூட்டியிருந்த அவர் பெயரை 2020-இல் நீக்கிற்று. நாடுகளுக்கெல்லாம் தன்னுரிமை வேண்டியவர் தம் நாட்டவருள் ஒரு சாரார்க்கு அதனை மறந்தமை வருந்தத்தக்கதே.

1914 ஆகஸ்டு 6-ஆம் நாள் எல்லன் அம்மையார் சிறுநீரக நோயால் இறந்தார். அதே வாரத்தில் ஐரோப்பா போர்த்தீயில் மூழ்கியது. தாயின் இடத்தில் நின்று மாளிகையில் விருந்தோம்பியவர் மூத்த மகளாகிய மார்கரெட். 1915 டிசம்பரில் வில்ஸன் எடித் கால்ட் அம்மையாரை மறுமணம் புரிந்தார். 1917 ஏப்ரலில் அமெரிக்காவும் போரிற் புகுந்தது. 1918 ஜனவரி 8-ஆம் நாள் அவர் வெளியிட்ட பதினான்கு அம்சங்கள் உலகெங்கும் பரவின. அவற்றுள் இறுதியானது நாடுகளின் பொதுச்சங்கம் ஒன்று வேண்டுமென்பது. போர் முடிந்தபின் பாரிஸ் சென்று ஆறு திங்களளவு, நாள்தோறும், பிரான்சின் கிளெமான்ஸோவோடும் இங்கிலாந்தின் லாயிட் ஜார்ஜோடும் வாதிட்டார். கோல்ப் ஆட்டம் நின்றது, உறக்கம் குறைந்தது, கிரேஸன் வகுத்த ஒழுங்கெல்லாம் சிதறியது. 1919 ஏப்ரல் தொடக்கத்தில் கடுங்காய்ச்சலுற்றுப் படுக்கையில் வீழ்ந்து, படுக்கையறையிலேயே மற்றைத் தலைவரோடு ஆலோசனை நடத்தினார். ஜூன் 28-இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சர்வதேச சங்கம் அதனுள் இடம்பெற்றது.

தாயகம் திரும்பினால் அங்கே எதிர்ப்பு. உடன்படிக்கையை ஏற்க மேலவையில் மூன்றில் இரு பங்கினர் இசைதல் வேண்டும். ஹென்றி காபட் லாட்ஜ் தலைமையில் எதிர்க்கட்சியினர் திருத்தங்கள் கோரினர். வில்ஸன் வளைந்து கொடாது, மக்களிடமே நேரிற் சென்று முறையிடத் துணிந்தார். கிரேஸன் தடுத்தார்; மனைவியார் அஞ்சினார். 1919 செப்டம்பர் 3-ஆம் நாள் புகைவண்டி வாஷிங்டனை விட்டுப் புறப்பட்டது. இருபத்திரண்டு நாளில் ஏறத்தாழ 8000 மைல். ஏறத்தாழ நாற்பது சொற்பொழிவுகள். ஒலிபெருக்கி பரவாத காலமாதலின் ஆயிரக்கணக்கானோர் கேட்கக் குரலை உயர்த்தியே பேச வேண்டியிருந்தது. மேற்குத் திசையின் வெயிலும், வண்டிப் பெட்டியின் புழுக்கமும், மலைநாட்டுக் காற்றின் மென்மையும் அவரை வாட்டின. தலைவலி நாள்தோறும் வளர்ந்தது. சிலவிரவுகளில் படுக்க இயலாது நாற்காலியிலேயே அமர்ந்து உறங்கினார்.

செப்டம்பர் 25-ஆம் நாள் கொலராடோ மாகாணத்துப் பியூப்ளோ நகரிலே பேசினார். அன்றிரவு தலைநோவு பொறுக்கலாற்றாததாயிற்று. மறுநாட்காலை முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. பயணத்தை நிறுத்துமாறு கிரேஸன் கூறியபோதும், எதிரிகள் தம்மைக் கோழை என்பரே என்று வில்ஸன் வருந்தினாராம். இறுதியில் இசைந்தார். கான்ஸாஸ் மாகாணத்து விச்சிட்டா நகரருகிலிருந்து வண்டி நேரே வாஷிங்டனுக்கு விடப்பட்டது. அவ்வுடல் இருபத்து மூன்றாண்டுகளாய் விடுத்துவந்த எச்சரிக்கைகளில் அதுவே இறுதி. வாஷிங்டன் சேர்ந்த நான்காம் நாள், அக்டோபர் 2-ஆம் நாட்காலை, இடக்கை உணர்விழந்தது. சற்று நேரத்தில் அவர் தரையில் வீழ்ந்து கிடக்கக் கண்டனர். இடப்பக்கம் முழுதும் செயலற்றது. பிலடெல்பியாவினின்று வந்த நரம்பியல் வல்லுநர் டெர்க்கம், மூளையின் வலப்பக்கத்து நடுத்தமனி குருதிக்கட்டியால் அடைபட்டிருத்தல் கூடும் எனக் கண்டார்.

அப்பயணம் நிகழாதிருப்பின் நோய் வாராதிருக்குமோ எனின், அவ்வாறு உறுதி கூறுதல் அறியாமையாகும். குழாய்கள் அவ்வளவு கெட்டிருந்தன. எனினும் ஓய்ந்த உடலோடு சிகிச்சையில் இருந்த ஒருவர்க்கும், காய்ந்த தலையோடு 8000 மைல் அலைந்த ஒருவர்க்கும் வேறுபாடு இல்லை என்று எம் மனம் ஒப்பவில்லை.

அதன்பின் நிகழ்ந்தது வரலாற்றிற் புதுமையானது. நரம்புத்தளர்ச்சி என்றும் ஓய்வு தேவை என்றும் மட்டுமே நாட்டுக்கு அறிவித்தனர். பக்கவாதம் என்ற சொல் மறைக்கப்பட்டது. எடித் அம்மையாரும் கிரேஸனும் வாயிற்காவலராயினர். எத்தாள் நோயாளியிடம் செல்லலாம், எது செல்லலாகாது என்பதை அம்மையாரே தெரிந்தெடுத்தார். அமைச்சர் கூட்டத்தில் வில்ஸன் மீண்டும் அமர்ந்தது 1920 ஏப்ரல் 14-ஆம் நாளில்தான். துணைத்தலைவர் தாமஸ் மார்ஷல், அழைப்பாரின்றி, தாமே அப்பொறுப்பை ஏற்கத் துணியவும் இல்லை. தலைவர் செயலிழந்தால் யாது செய்வது என்பதற்கு அந்நாட்டு அரசியற் சட்டம் தெளிவான வழி காணும்படி திருத்தப்பெற்றது 1967-இல்தான்.

இதற்கிடையில் சர்வதேச சங்கத்தின் விதியும் முடிந்தது. 1919 நவம்பரில் மேலவை உடன்படிக்கையை மறுத்தது. 1920 மார்ச்சு 19-இல் திருத்தங்களுடன் மீண்டும் வந்தபோது, ஏற்போர் 49, மறுப்போர் 35. இன்னும் எழுவர் மாறியிருப்பின் நிறைவேறியிருக்கும். திருத்தத்தை ஏற்கலாகாது எனத் தம் கட்சியார்க்கு நோய்ப்படுக்கையிலிருந்து கட்டளையிட்டவர் வில்ஸனே. உடல் நலத்துடன் பிரின்ஸ்டனில் இருந்த நாளிலும் அவர் விட்டுக்கொடாதவரே. ஆதலின் எல்லாவற்றையும் நோயின்மேல் ஏற்றலாகாது. ஆயினும் பிறரை நேரிற் கண்டு, முகம் நோக்கி, மனநிலை அறிந்து இணங்கும் வாய்ப்பை அந்நோய் அறவே பறித்தது. அமெரிக்கா இன்றியே சங்கம் கூடிற்று. சங்கத்தைத் தோற்றுவித்தமைக்காக அவர்க்கு 1919-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் சமாதானப் பரிசு 1920 டிசம்பரில் வழங்கப்பட்டது.

1921 மார்ச்சில் பதவி நீங்கி, வாஷிங்டனிலேயே எஸ் தெருவில் ஒரு வீட்டில் மூன்றாண்டு வாழ்ந்தார். கைத்தடியூன்றிச் சில அடி நடப்பார். மாலையில் மோட்டாரில் உலாவுவார். 1924 பிப்ரவரி 3-ஆம் நாள், அறுபத்தேழாம் வயதில் உயிர் பிரிந்தது. வாஷிங்டன் பேராலயத்தில் அடக்கம் செய்தனர். அதற்குப் பதின்மூன்று நாள் முன்னர், உருசியாவிலே லெனின், ஐம்பத்து மூன்றே வயதில், மூளைத்தமனிகள் கல்லென இறுகியமையால் மும்முறை பக்கவாதமுற்று மடிந்தார். இரு வேறு கொள்கையால் உலகை மாற்றப் புகுந்த இருவரையும் இருவாரத்துள் ஒரே வகை நோய் கொண்டு சென்றது.

வில்ஸன் இறந்தபின்னரே இந்நோய்க்கு மாற்று ஒவ்வொன்றாய்க் கிடைத்தது. 1927-இல் லிஸ்பன் நகரத்து எகாஸ் மோனிஸ், தமனியில் மருந்து செலுத்தி எக்ஸ்-கதிரால் மூளைக்குழாய்களைப் படமெடுக்கும் வழி கண்டார். 1949-இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், நம் நாட்டு மூலிகையாகிய சர்ப்பகந்தி இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை ஆராய்ந்து வெளியிட்டு உலகின் கவனத்தை ஈர்த்தார். 1951-இல் கனடாவின் மில்லர் பிஷர், கழுத்துத் தமனியின் சுருக்கமே பக்கவாதம் பலவற்றிற்குக் காரணம் என்றும், கடந்து போகும் சிறு குறிகள் அதன் முன்னறிவிப்பென்றும் விளக்கினார். 1950-களிலேயே கழுத்துத் தமனியைத் திறந்து சீராக்கும் அறுவை தொடங்கியது. குறி தோன்றிய பின்னர், சுருக்கம் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்படின் அவ்வறுவை பெரும்பயன் தருமென 1991-இல் உறுதியாயிற்று. இன்னொரு வேடிக்கை: 1899 முதலே கடைகளில் விற்ற ஆஸ்பிரின், வில்ஸன் நாளில் தலைவலி மாத்திரையாகவே கருதப்பட்டது. குருதித்தட்டுகள் ஒட்டித் திரளாமல் அது தடுப்பதும், அதனாற் பக்கவாதம் குறைவதும் அரைநூற்றாண்டுக்கு மேல் கழிந்தே தெளிவாயின.

கழுத்திலன்றி மண்டையோட்டினுள்ளே சுருங்கும் தமனிகளின் கதை வேறு. ஐரோப்பியரினும் நம்மவர்க்கும் சீனர்க்கும் இவ்வகை மிகுதியாதலின் இது நமக்கு நெருங்கியது. சுருங்கிய இடத்தைச் சுற்றிப் புதுவழி தைக்கும் அறுவையை 1377 நோயாளிகளிடம் ஆராய்ந்தனர். 1985-இல் பயனில்லை என்று கண்டனர். குருதியை இளக்கும் வார்பரினை ஆஸ்பிரினோடு ஒப்பிட்டனர். அது மேம்படவில்லை, குருதிக்கசிவே மிகுந்தது என 2005-இல் அறிந்தனர். பின்னர்க் கம்பிவலைக் குழலைச் சுருக்கத்தினுட் செலுத்தி விரித்தனர். சம்ப்ரிஸ் எனப் பெயரிய அவ்வாராய்ச்சியில் 451 பேர் சேர்க்கப்பட்டிருந்தனர். அனைவர்க்கும் தமனி எழுபது விழுக்காட்டுக்கு மேற் சுருங்கியிருந்தது. 2011-இல் முடிவு வெளிவந்தபோது மருத்துவ உலகம் திகைத்தது. முப்பது நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர், குழல் வைத்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைவர். மருந்தும் ஒழுக்கமுமே கொண்டோருள் ஏறக்குறைய அறுவர். அம்மருத்துவமும் அரியதன்று: ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து மூன்று திங்கள், பின்னர் ஆஸ்பிரின் மட்டும், மேலழுத்தம் 140-க்குக் கீழ், தீய கொழுப்பு 70-க்குக் கீழ், நீரிழிவைக் கட்டல், புகையிலையை விடல், நாளும் உடலசைவு. கிரேஸன் கோல்ப் மட்டையைக் கையில் கொடுத்தபோது அவரறியாமலே இதன் ஒரு பகுதியை அளித்திருந்தார் எனலாம். இரண்டு மருந்துகளைச் சேர்த்துண்ணல் எல்லார்க்கும் பொருந்தாது. மருத்துவரே அதனை அளவிடல் வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் 1823-இல் புதுவையில் தொடங்கிய மருத்துவப்பள்ளியின் வழிவந்ததே இன்றைய ஜிப்மர் மருத்துவமனை. மூளைக்குழாய்களைப் படமெடுக்கும் கருவிகளெல்லாம் அங்கு உண்டு. நல்லவாட்டினின்று பேருந்தேறிச் செல்லலாம். நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் வேண்டாமென உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. எம்மூர்க் கடற்கரையிலோ உப்பிட்ட நெத்திலியும் வாளையும் கருவாடாய்க் காய்கின்றன; கஞ்சிக்கு அதுவே துணை. கருவாட்டைக் குறைக்க எம் முதியோர் முணுமுணுத்தேனும் இசைகின்றனர். தலைசுற்றலும் இல்லை, கைச்சோர்வும் இல்லை, வலை இழுக்கவும் முடிகின்றது என்னும் நாளில் மாத்திரையை எடுத்து வாயிலிடுவதுதான் அவர்களுக்கு அரிதாயிருக்கின்றது.